டப்பாவுக்கு அடியில் மூன்று கோடு

உ

திண்டிவனம்,
ஆவணி 12, வியாழக்கிழமை.

விழுப்புரத்தில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி அம்சா அம்மாளுக்கு, அஞ்சலாட்சி வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நான், என் மகன் அரங்கநாதன், உங்கள் மகள் சித்ரா, நம் இரண்டு பேருக்கும் பொதுப் பேத்தியான கலைப்பிரியா எல்லோரும் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் வீட்டில் இன்று காலை நிலவரப்படி அரைக் கிலோ உளுந்தும் ஆறு முட்டையும் கால் பாட்டில் நல்லெண்ணெயும் இருக்கிறது என்று எங்கள் வீட்டுப் போனில் தெரிகிறது. ஆறு முட்டை இருக்கிற வீட்டில் சுகத்துக்கு என்ன குறை? அதனால் அந்த வரியை வீணாக்கவில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். நான் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவள். நாலாம் வகுப்புப் போகிற வருஷம் பனமலை ஏரி நிரம்பி, நடவுக்கு ஆள் போதவில்லை என்று என் அப்பா நிறுத்திவிட்டார். அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆகையால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம், நீங்கள் பொறுத்துக்கொள்வதற்காக நான் அதை எழுதவில்லை.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணம் சொல்கிறேன். அடுத்த வியாழக்கிழமை உங்கள் மகன் கோபிக்குக் கல்யாணம். செவ்வாய்க்கிழமையே நான் வந்து சமையல்காரருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அரிசி அளவு சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். "நீங்க வந்து ஒக்காந்தாத்தான் சம்மந்தி எனக்கு தைரியம்" என்றீர்கள். நான் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை, வியாழனும் வரவில்லை. அறுநூறு பேருக்கு இருபத்தைந்து கிலோச் சிப்பத்தில் எத்தனை சிப்பம் அரிசி என்பது என் தலைக்குள் இருக்கிறது. அது அங்கேயே இருக்கும்.

இனி காரணம். இந்தச் சித்திரை லீவில் நம் பேத்தி, இனி வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேன் என்று பாண்டிச்சேரி காலேஜ் ஹாஸ்டலைக் காலி பண்ணிக்கொண்டு வந்தாள். வந்தவள் பையைக் கீழே வைக்கவில்லை, "ஆயா, ஒவ்வொரு வீட்லயும் வாங்குற சாப்பாட்டுச் சாமான்ல எவ்ளோ வீணா போவுது தெரியுமா?" என்றாள். "எந்த வூட்லடி? இந்த வூட்லயா? நான் கருவேப்பிலை காம்பைக்கூட ரசத்துல போடுறவ" என்றேன். "செக் பண்ணிப் பாத்துடலாம் ஆயா" என்று போனை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்தாள். பாக்கெட்டின் முதுகில் கோடு கோடாக ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்கு நேராகப் போனைக் காட்டினால் அது என்ன பொருள், அதில் என்னென்ன கலந்திருக்கிறது, திறந்தால் எத்தனை நாள் தாங்கும் என்று எல்லாம் வந்து நிற்கிறது. யார் யாரோ முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டுப் பாக்கெட்டைப் பார்த்து எழுதி வைத்ததாம். யாரும் பார்க்கலாம், யாரும் சேர்க்கலாம், எந்தக் கம்பெனிக்கும் சொந்தம் கிடையாதாம். அதுவரைக்கும் எனக்குச் சம்மதம்தான், தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லுவதில் என்ன தப்பு. ஆனால் அவள் அதோடு விட்டாளா? டப்பாவில் அச்சடித்த தேதியையும் படம் பிடித்து, நம் வீட்டில் இது இவ்வளவு இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டாள். நாள் நெருங்கினால் மஞ்சள், நாள் முடிந்தால் சிவப்பு. அப்புறம் பஸ் ஏறி விழுப்புரம் வந்து உங்கள் வீட்டிலும் அதையே பண்ணி, இரண்டு வீட்டுப் பட்டியலையும் ஒன்றாகக் கோத்துவிட்டாள். ஒரு வீட்டில் மிஞ்சினதை இன்னொரு வீட்டுக்காரர் கெட்டுப்போகுமுன் எடுத்துக்கொள்ளலாமாம். எங்கள் வீட்டு அஞ்சறைப்பெட்டி உங்கள் வீட்டுப் போனில் திறந்து கிடக்கிறது. ஐம்பது வருஷமாக என் மாமியாருக்கே காட்டாமல் வைத்திருந்த அடுப்பங்கரை.

மறுநாள் காலையிலேயே நீங்கள் போன் போட்டீர்கள். "இன்னா சம்மந்தி, பதினோரு கிலோ புளி வெச்சிக்கினு இருக்கீங்க, எதுனா கடை கிடை போடப் போறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். பின்னால் உங்கள் வீட்டு டீவி சத்தம், அதற்குமேல் உங்கள் சிரிப்பு. அது எங்கள் கிளியனூர் நிலத்து மரத்தில் நானே நின்று உலுக்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டு அடைத்த புளி. வருஷம் முழுக்க வரும். சிரித்த மூன்றாம் நாள் உங்கள் கோபி மோட்டார் சைக்கிளில் வந்து, வாசலில் வண்டியை நிறுத்தாமலே, "மல்லாட்டை எண்ணெய் ரெண்டு லிட்டர் மஞ்சளா காட்டுது அத்தை, அம்மா எடுத்துக்கினு வரச் சொன்னாங்க" என்றான். "எண்ணெய் மஞ்சளா இல்லாம நீலமாடா இருக்கும்?" என்று கேட்டேன். பிறகுதான் தேதி சமாச்சாரம் என்று புரிந்தது. வேர்க்கடலை எண்ணெயைக் கொடுத்தனுப்பினேன். கூடவே இரண்டு கிலோ புளியும் கொடுத்தேன். புளியைப் பார்த்துச் சிரித்தவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை என்பதையும் நான் கவனித்துத்தான் வைத்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் மகள். அவளுக்குப் போனில் சிவப்பைக் கண்டால் வீட்டில் பாம்பைக் கண்ட மாதிரி. ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு பாக்கெட் சேமியா, ஒரு பாக்கெட் கடலை மாவு, ஒரு கிலோ உப்பு எல்லாம் குப்பை வண்டிக்குப் போய்விட்டது. "தேதி முடிஞ்சிட்டுது அத்தை, செவப்பா காட்டுது, சாப்ட்டா ஒடம்புக்கு ஆவாது" என்கிறாள். "உப்புக்கு ஏதுடி தேதி? கடலு என்னிக்கி கெட்டுப்போவும்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பில்லாமல் தெருக்கோடிவரைக்கும் வண்டியைத் துரத்தினேன். குப்பை எடுக்க வருகிற ஜெசிந்தா வண்டியை நிறுத்தி, "இன்னாம்மா, தோடு எதுனா விழுந்துட்டுதா?" என்றாள். "உப்பு" என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நெனச்சேன். பிரிக்காத பாக்கெட்டுன்னு தனியா எடுத்து வெச்சிட்டேன். உப்பை எடுத்துக்கினு போங்க, சேமியாவைக் கேக்காதீங்க. உங்க வூட்டுக்கு அந்தப் போனு வந்ததுலருந்து நான் கடையில சேமியாவே வாங்கறதில்ல" என்றாள். என் வீட்டுச் சேமியாவில் ஊரார் வீட்டில் பாயசம். ஒரு பருக்கையை வீணாக்காதவள் என்று பேர் வாங்கினவள் நான், வீணாவதைக் குறைக்க வந்த போன்தான் இந்த வீட்டில் முதன்முதலாக மூட்டை கட்டி வெளியே போட வைத்தது.

அன்றைக்குக் கலைப்பிரியா இரண்டு பேரையும் உட்காரவைத்து விளக்கினாள். "இதுக்குள்ள சாப்ட்டா நல்லா இருக்கும்னு ஒரு தேதி போடுவாங்க, இதுக்கு மேல சாப்டவே சாப்டாதன்னு இன்னொரு தேதி போடுவாங்க. ரெண்டும் வேற. அம்மா ரெண்டையும் ஒண்ணா பாத்துட்டாங்க. மொத தேதி போனா மோந்து பாத்து, நாக்குல வெச்சிப் பாத்து முடிவு பண்ணலாம்." இதைச் சொல்ல ஒரு போன், ஒரு காலேஜ். அறுபது வருஷமாக நான் வேறு என்ன பண்ணிக்கொண்டிருக்கிறேன்? அதற்கப்புறம் சிவப்பு வந்தால் முதலில் என் மூக்குக்கு வர வேண்டும் என்று சட்டம் போட்டேன். அவளும் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆயா மோந்து பார்த்தாச்சு, சரி' என்று எழுதிவைத்தாள். அது உங்கள் போனிலும் வந்ததா, நீங்கள் என்ன பண்ணினீர்கள்? ஒரு கிண்ணம் தயிரைப் படம் பிடித்து அனுப்பி, "சம்மந்தி மோந்து பாத்துச் சொல்லட்டும்" என்றீர்கள். கேலியா, நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் கோபம்தான். (படத்தில் பார்த்தபோதே அது புளித்துப்போனது தெரிந்தது. ஓரத்தில் நீர் விட்டிருந்தது. மோர்க்குழம்பு வைத்திருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.)

பால்பவுடர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டுப் பட்டியலில் 'கைக்குழந்தைப் பால்பவுடர், ஒரு டப்பா' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஆடி பதினெட்டு அன்றைக்கு நீங்கள் அழுதுகொண்டே போன் பண்ணினீர்கள். "நாப்பத்தி நாலு வயசுல எம்பொண்ணுக்கு இது தேவையா சம்மந்தி? வயசுக்கு வந்த பொண்ணு வூட்ல இருக்குது. உங்க புள்ளைக்கி அறிவு இல்லியா?" என்று கேட்டீர்கள். அரங்கநாதன் அப்போது பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாவம், அவன் அதன்பிறகு இரண்டு நாள் நிலத்தைப் பார்க்கிறேன் என்று கிளியனூரிலேயே இருந்துவிட்டான். சம்பந்தி, அந்த டப்பா கலைப்பிரியா பிறந்தபோது வாங்கினது, தேதி தேய்ந்து அழிந்துபோனதால் சிவப்பு காட்டவில்லை. இருபது வருஷமாக அதில் நான் வெந்தயம் போட்டு வைத்திருக்கிறேன். நம் வீடுகளில் காலி டப்பாவை யார் தூக்கிப் போடுகிறார்கள்? ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி மாவு, பிஸ்கட் டின்னில் ஊசி நூல், நெய் பாட்டிலில் ஓமம். போன் டப்பாவின் முதுகைப் படிக்கிறது, வயிற்றில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியுமா? "தொறந்து பாத்துட்டுப் பேசணும்டி. மூடின டப்பாவைப் பாத்து உள்ள இருக்கிறதைச் சொல்றவளுக்கு புத்தி இருக்குதா?" என்று பேத்தியை நன்றாகக் கேட்டேன். அவளும் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரையில் இருந்த டப்பா பூராவையும் திறந்து பார்த்துப் பட்டியலைத் திருத்தினாள். என் தகரப் பெட்டியைத் தவிர. அதன் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

இப்போது பெரிய விஷயம். கையெழுத்து இங்கே கொஞ்சம் அழுத்தமாக இருக்கும், பேனா குற்றமில்லை.

போன வாரம் கிளியனூரில் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் சுப்பராயலு வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பார்க்கப் போக வேண்டும், வெறுங்கையோடு போக முடியாது. தகரப் பெட்டியைத் திறந்து, பாலில் கலந்து குடிக்கிற சத்து பவுடர் டப்பா ஒன்றை எடுத்தேன். ஒரு கிலோ டப்பா. போன புரட்டாசியில் எனக்குக் கண் புரை எடுத்தபோது நீங்கள் கொண்டுவந்து கொடுத்தது. பிரிக்காமல் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் கலைப்பிரியா போனைக் காட்டினாள். ஒரே சிவப்பு. "ஆயா, இது தேதி முடிஞ்சி ஆறு மாசம் ஆவுது. இத்தப் போய் அடிபட்டவருக்கா குடுக்கப் போற?" என்றாள். தேதி எங்கே போட்டிருக்கிறது என்று டப்பாவைத் திருப்பினேன். அடியில் மூன்று கோடு.

எங்கள் வீட்டை விட்டு வெளியே போகிற எந்தப் பாத்திரமானாலும் டப்பாவானாலும் அதன் அடியில் ஊக்கினால் மூன்று கோடு கீறித்தான் அனுப்புவேன், உங்களுக்கே தெரியும். பேர் வெட்டுவதற்குக் கடைக்குப் போக வேண்டும், கோடு போட ஊக்கு போதும். அந்த டப்பா என் டப்பா. நான் வாங்கினது. அதற்கு முந்தைய வைகாசியில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் ஆகி நீங்கள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உங்களுக்கு நான் கொண்டுவந்து கொடுத்தது!

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அக்கினி நட்சத்திரம். கடைத்தெருவில் மூன்று கடை ஏறி இறங்கி, தேதி புதுசாகப் பார்த்து வாங்கினேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை, டப்பாவைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே வந்தேன். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஐந்து டப்பா, நாலு பிரெட், ஒரு பை சாத்துக்குடி. நீங்கள் பச்சைச் சேலை, காதில் பஞ்சு. "எதுக்கு சம்மந்தி செலவு" என்றீர்கள். உடம்பு தேறட்டும் என்றுதான் கொடுத்தேன். அதில் ஒரு ஸ்பூன், ஒரே ஒரு ஸ்பூன் உங்கள் வயிற்றுக்குள் போகவில்லை. அப்படியே எடுத்து வைத்திருந்து, நாலு மாசம் கழித்து எனக்குக் கண் கட்டியிருந்த நேரம் பார்த்து, அதையே என் கையில் கொடுத்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிற டப்பா ஒரு நோயாளி வீட்டிலிருந்து இன்னொரு நோயாளி வீட்டுக்குப் போவது நம் பக்கத்தில் வழக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர் கைக்கே திரும்பி வருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? நான் சுப்பராயலுவுக்குக் கொடுக்க எடுத்தது வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள்.

அதைவிடக் கொடுமை, கொடுக்கும்போது நீங்கள் சொன்னது. "இது உங்க டப்பாதான் சம்மந்தி, உங்ககிட்டயே வந்துட்டுது" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். கண்ணில் கட்டு, தலையில் வலி, ஏதோ மரியாதைப் பேச்சு என்று நினைத்து நானும் சிரித்துத் தொலைத்தேன். பதினோரு மாசம் கழித்து இப்போது புரிகிறது அது எந்தச் சிரிப்பு என்று. புளிக்குச் சிரித்த அதே சிரிப்பு.

உங்கள் வீட்டாருக்குச் சாப்பாட்டின் அருமை என்றைக்குத் தெரிந்தது? இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அரங்கநாதன் சித்ரா கல்யாணத்தில், மண்டபத்துக்குப் பின்னால் கை கழுவப் போனவள் பார்த்தேன், ஐந்து அண்டா சோறு. அப்படியே பள்ளத்தில் கொட்டினார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது, சம்பந்தி. நாய்கூட பாதியில் எழுந்து போய்விட்டது. ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். "வீணா போனா இன்னா சம்மந்தி, பத்தாம போனாத்தான் மானம் போவும்" என்றீர்கள். கல்யாண மாலைகூட வாடவில்லை, அதற்குள் பேசக்கூடாது என்று வாயை மூடினேன். அன்றைக்கு மூடினதை இன்றைக்குத் திறக்கிறேன். அதோடு, அந்த ரசத்தில் சுக்கு தூக்கல். உங்கள் கை எதில் பட்டாலும் சுக்கு தூக்கல்தான்.

அந்தச் சோற்றைப் பார்த்த பிறகுதான் நம் இரண்டு குடும்பத்து விசேஷத்திலும் அளவு நான் சொல்வது என்று ஆரம்பித்தேன். கலைப்பிரியாவின் மஞ்சள் நீராட்டுக்கு முந்நூறு பேர், மிஞ்சினது ஒரு அன்னக்கூடை. உங்கள் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு நானூறு பேர், மிஞ்சினது ரசம் மட்டும். எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை, எல்லாம் தலையில்தான். இந்தக் கல்யாணத்துக்குக் கலைப்பிரியா போனில் எல்லோருக்கும் கேள்வி அனுப்பியிருக்கிறாள், யார் யார் மத்தியானம் சாப்பிடுவீர்கள் என்று. அறுநூறு பேரில் முப்பத்தொரு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் 'சரி' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், ஒருவர் ரோஜாப்பூப் படம் போட்டிருக்கிறார். ரோஜாப்பூவுக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போடுவது? எனக்குத் தெரியும், கிளியனூர்க் கூட்டம் டிபனைச் சாப்பிட்டுவிட்டுத் தாலி கட்டினதும் பஸ்ஸுக்கு ஓடும். பனமலைக் கூட்டம் ஒன்றுக்கு இரண்டு பந்தி உட்காரும். உங்கள் அண்ணன் வீட்டு ஆண்கள் சோற்றைத் தொடாமல் வடையை எண்ணுவார்கள். தெரிந்து என்ன? நான்தான் வரவில்லையே. சமையல்காரர் நாலு சிப்பம் என்பார். போடுங்கள். மண்டபத்துக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பிள்ளையும் வருகிற பெண்ணும் நோய் நொடியில்லாமல், ஒரே தட்டில் சாப்பிடுகிற பிரியத்தோடு, தானியம் குறையாத வீட்டில் நூறு வருஷம் இருக்க அங்காளம்மன் துணை நிற்கட்டும். உங்கள் வீட்டு அண்ணாருக்கு என் வணக்கம். அவர் மேலும் கோபமில்லை, நீங்கள் பேச விட்டால்தானே அவர் தப்பாகப் பேச.

இப்படிக்கு,
வராத சம்பந்தி,
அஞ்சலாட்சி.

பி.கு.: மேலே எழுதி முடித்து, கவரில் விலாசம் எழுதி ஸ்டாம்பும் ஒட்டின பிறகு இதை எழுதுகிறேன். அந்த டப்பாவைச் சாட்சியாகக் கடிதத்தோடு உங்களுக்கே அனுப்பிவிடுவது என்றிருந்தேன். கலைப்பிரியாதான், "உள்ள இருக்கிறது எப்டியும் போச்சி ஆயா, டப்பாவையாச்சும் கழுவி வெச்சிக்கலாம், தொற" என்றாள். மூடியைச் சுற்றி டேப்பு. இத்தனை நாள் அது கம்பெனிக்காரன் ஒட்டினது என்று நினைத்திருந்தேன். புரை எடுத்த கண்ணால் இன்றைக்குப் பார்த்தால், அது கோபியின் கடையில் பார்சலுக்கு ஒட்டுகிற காக்கி டேப்பு.

திறந்தேன். உள்ளே இருந்தது கடைப் பவுடர் இல்லை. கேப்பையை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, மல்லாட்டையும் பொட்டுக்கடலையும் ஏலக்காயும் சேர்த்து அரைத்த மாவு. பாதி மாவு, பாதி வண்டு. சிக்கு வாடை. ஆனால் அந்த வாடைக்கு அடியிலும் சுக்கு தெரிந்தது. தூக்கலாக. வேறு யார் கையாக இருக்கும்?

"உனுக்குத் தெரியாதா ஆயா? நீ குடுத்த டப்பாவைத்தான் விழுப்புரம் ஆயா மூணு மாசம் வெச்சிக் குடிச்சாங்க. மத்ததெல்லாம் வந்தவங்களுக்கே குடுத்துட்டாங்க. வெறும் டப்பாவை எப்பிடிடி சம்மந்திகிட்ட திருப்பிக் குடுக்கறதுன்னு ஒரு வாரம் ஒக்காந்து இத்தப் பண்ணாங்க" என்றாள். இதைப் போன வாரமே சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "நீ என்னை எங்க பேச வுட்ட?" என்றாள்.

ஆக, என் டப்பாதான், என்னிடமே வந்துவிட்டது. நீங்கள் சொன்னது அதைத்தான். எனக்கு உங்கள் பச்சைச் சேலை ஞாபகம் இருக்கிறது, காதில் வைத்த பஞ்சு ஞாபகம் இருக்கிறது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் வழக்கமில்லை என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சலித்துப் பார்த்தேன், தேறவில்லை. கோழிக்குப் போட்டேன். கோழி வண்டைப் பொறுக்கித் தின்றுவிட்டு மாவை விட்டுவிட்டுப் போய்விட்டது. அதற்கப்புறம் கலைப்பிரியாவைக் கூப்பிட்டு, போனை என் கையில் வாங்கி, நானே ஒரு விரலால் எழுத்துக் கூட்டிப் பட்டியலில் சேர்த்தேன். வீணானது: கேப்பை சத்துமாவு, ஒரு கிலோ. வீணாக்கியவர்: அஞ்சலாட்சி. அதில் காரணம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. திறந்து பார்க்கவில்லை என்று போட்டேன். உடனே எல்லோர் போனிலும் போய்விட்டது. சித்ரா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கடிதத்தைக் கிழித்துத்தான் போட வேண்டும். ஆனால் காலையிலிருந்து உட்கார்ந்து எழுதினது, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. வீணாக்க மனசு வரவில்லை. அதனால் அனுப்புகிறேன். ஐந்து அண்டாச் சோறு நிஜம், அதை நான் மறக்கவில்லை, அது தனி.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிசி இரண்டரைச் சிப்பம். அதற்குமேல் சமையல்காரர் கை வைத்தால் நான் வருகிறவரை பிடித்து நிறுத்தி வையுங்கள். செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதையும் கொண்டுவருகிறேன், வெறும் டப்பாவாக இல்லை. உள்ளே என்ன என்று கலைப்பிரியாவிடம்கூடச் சொல்லவில்லை, போனில் தேடாதீர்கள். கொடுத்த கையோடு திறந்துவிடுங்கள்.